டிஎச்சிபி ஸ்னூப்பிங் சிக்கல்கள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு மாடியில் இருக்கிற கணினிகள் எல்லாம் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு, அதாவது சர்வரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் தாமே வைத்துக்கொண்ட முகவரியோடு நிற்கின்றன. சர்வர் அறையில், கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் டிஎச்சிபி சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது. இந்த நேரத்தில் பலர் முதலில் செய்வது, போலி டிஎச்சிபி சர்வர்களைத் தடுக்கும் ஸ்விட்ச் வசதியான ஸ்னூப்பிங்கை அணைத்துப் பார்ப்பது, அல்லது எல்லா போர்ட்டுக்கும் டிரஸ்ட் (சர்வரின் பதில் இந்த வழியாக வரலாம் என்ற அனுமதி) கொடுத்துவிடுவது. இரண்டிலும் முகவரி வந்துவிடும். ஆனால் எது தடுத்தது என்பது கடைசிவரை தெரியாது, பாதுகாப்பும் போய்விடும். பாக்கெட்டை எங்கே, எதற்காகத் தள்ளினோம் (மேலே அனுப்பாமல் கைவிட்டோம்) என்று ஸ்விட்சே எண்ணி வைத்திருக்கிறது. அதைப் படித்த பிறகு எதையும் மாற்றுங்கள்.

கட்டளைகள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களுக்கானவை. எடுத்துக்காட்டு முழுக்க ஒரே அமைப்புதான்: அலுவலகக் கணினிகள் வி-லேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) 10, ஐபி போன்கள் வி-லேன் 20, அப்லிங்க் (மேல் நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட்) ஜிகாபிட் 1/0/48. சர்வரும் ரூட்டரும் அப்லிங்குக்கு அப்பால் இருக்கின்றன.

முதலில் படிக்க வேண்டிய திரை

'ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங்' என்று கொடுங்கள். 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' போதாது. நாம் எழுதியதை மட்டும்தான் அது காட்டும். தானாகவே இயக்கத்தில் இருக்கும் அமைப்புகள் அதில் வராது. சிக்கலில் பாதி அந்தத் தானியங்கி அமைப்புகளில்தான்.

வரும் வெளியீட்டை மேலிருந்து கீழே வரிவரியாகப் பாருங்கள்.

முதல் வரி, ஸ்விட்ச் முழுமைக்கும் ஸ்னூப்பிங் 'எனேபிள்ட்' என்று சொல்ல வேண்டும். அடுத்து இரண்டு வி-லேன் பட்டியல்கள் வரும்: ஒன்று 'கான்ஃபிகர்ட்', மற்றொன்று 'ஆப்பரேஷனல்'. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வி-லேன் 10 முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால், அந்த வி-லேனில் ஸ்னூப்பிங் ஓடவில்லை என்று பொருள். அந்த வி-லேனை ஸ்விட்சில் உருவாக்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். 'ஷோ வி-லேன் பிரீஃப்' கொடுத்தால் தெரிந்துவிடும். சில பதிப்புகளில் இடையில் வரும் ஸ்மார்ட்லாக், பிராக்ஸி பிரிட்ஜ் வரிகளை இந்த வேலைக்குக் கண்டுகொள்ள வேண்டாம்.

பிறகு வருவது ஆப்ஷன் 82 சேர்ப்பது 'எனேபிள்ட்' என்ற வரி. இது தானியங்கி அமைப்பு. ஸ்னூப்பிங்கை இயக்கியதுமே இதுவும் சேர்ந்து இயங்கும், ரன்னிங்-கான்ஃபிக்கில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அணைத்தால்தான் 'நோ' என்ற சொல்லோடு அங்கே வரி தோன்றும். இந்த வரியை நினைவில் வையுங்கள், கீழே தனிப்பகுதியே வருகிறது.

அதையடுத்து, நம்பிக்கையில்லாத போர்ட்டில் ஆப்ஷன் 82 வந்தால் ஏற்பதில்லை என்ற வரி. வன்பொருள் முகவரிச் சரிபார்ப்பு, ஜிஐ-அட்ரஸ் (செய்தியைக் கடத்தும் ரிலே தன் முகவரியை எழுதும் இடம்) சரிபார்ப்பு என்ற இரண்டு வரிகள். கடைசியில் போர்ட் அட்டவணை. அதில் டிரஸ்டட், அலவ் ஆப்ஷன், ரேட் லிமிட் என்று பத்திகள் இருக்கும். டிரஸ்ட் கொடுத்த போர்ட்டும் வேகவரம்பு வைத்த போர்ட்டும் மட்டும்தான் இதில் இடம்பெறும். பெயர் இல்லாத போர்ட் எல்லாமே டிரஸ்ட் இல்லாதது, வரம்பும் இல்லாதது. அப்லிங்க் இங்கே 'யெஸ்' என்று இருந்தால் சரி. பயனர் போர்ட் 'யெஸ்' என்று இருந்தால், முன்பு யாரோ அவசரத்துக்குச் செய்துவிட்டு மறந்தது.

அடுத்த கட்டளை 'ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டீட்டெயில்'. பாக்கெட்டைத் தள்ளிய காரணங்கள் தனித்தனி எண்ணாக வரும்: வேகவரம்பு மீறல், டிரஸ்ட் இல்லாத போர்ட்டில் வந்தது, ஜிஐ-அட்ரஸ் பூஜ்யமில்லாதது, அனுப்பிய மேக் (வன்பொருள்) முகவரியும் சிஎச்-அட்ரஸும் (டிஎச்சிபி செய்திக்குள் எழுதியிருக்கும் மேக்) பொருந்தாதது, பைண்டிங் (எந்த மேக்குக்கு எந்த ஐபி, எந்தப் போர்ட் என்ற பதிவு) பொருந்தாதது, இன்னும் சில. இந்த எண்கள் பழைய கணக்கையும் சேர்த்துக் காட்டும் என்பதால் அப்படியே படித்தால் குழப்பும். 'கிளியர் ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கொடுத்து அழித்துவிட்டு, சிக்கலுள்ள கணினியில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை முதலில் 'ரிலீஸ்', பிறகு 'ரின்யூ' என்று ஓட்டுங்கள். உடனே மீண்டும் பார்த்தால் எந்த எண் ஏறியதோ அதுதான் விடை. எதுவுமே ஏறவில்லை என்றால் பாக்கெட்டை இந்த ஸ்விட்ச் தள்ளவில்லை. அதுவும் ஒரு விடைதான்.

அறிகுறி: ஸ்விட்சில் யாருக்கும் முகவரி வரவில்லை

டிரஸ்ட் இல்லாத போர்ட் என்ற எண் ஏறுகிறதா? அப்படியானால் அப்லிங்குக்கு டிரஸ்ட் இல்லை. சர்வர் மட்டுமே அனுப்பக்கூடிய ஆஃபர், ஏசிகே, என்ஏகே செய்திகள் டிரஸ்ட் இல்லாத போர்ட்டில் வந்தால் ஸ்விட்ச் தள்ளிவிடும். கணினி கேட்கும், சர்வரும் பதில் தரும், பதில் வாசலிலேயே நின்றுவிடும். லாகில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் அன்டிரஸ்டட் போர்ட் என்ற செய்தி, ஆஃபர் என்ற வகையோடும் அனுப்பியவரின் மேக்கோடும் வந்திருக்கும். அந்த மேக் உங்கள் ரூட்டருடையது என்றால் சந்தேகமே வேண்டாம். இன்டர்ஃபேஸில் போய் 'ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் டிரஸ்ட்' கொடுங்கள்.

இது புதிதாக அமைக்கும்போது வருவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சில் கேபிளை மாற்றிய பிறகுதான் அதிகம் வரும். 48ஆவது போர்ட் பழுது என்று அப்லிங்கை 47க்கு மாற்றியிருப்பார்கள். டிரஸ்ட் 48இலேயே தங்கியிருக்கும். இரண்டு அப்லிங்க் இருந்து ஒன்றுக்கு மட்டும் டிரஸ்ட் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: ஸ்பானிங்-ட்ரீ (சுழல் வராமல் ஒரு இணைப்பை ஓய்வில் வைக்கும் முறை) பாதை மாறும் நாள்வரை எல்லாம் நன்றாக ஓடும், அன்றைக்கு எல்லாம் நிற்கும். இரண்டு போர்ட்டையும் ஒரே இணைப்பாக, அதாவது போர்ட்-சேனலாகக் கட்டியிருந்தால் டிரஸ்டைப் போர்ட்-சேனல் இன்டர்ஃபேஸில் கொடுங்கள், உறுப்புப் போர்ட்டில் அல்ல.

அறிகுறி: கேள்வி போகிறது, பதிலே இல்லை, ஸ்விட்சில் எந்த எண்ணும் ஏறவில்லை

பலர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அப்லிங்க் டிரஸ்ட் சரி, வி-லேன் சரி, தள்ளிய எண்கள் பூஜ்யம். ஆனாலும் முகவரி வரவில்லை. ஸ்னூப்பிங்கை அணைத்தால் வருகிறது. அப்போது ஆப்ஷன் 82ஐத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆப்ஷன் 82 என்பது, கேட்பவர் எந்த ஸ்விட்சில், எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று பாக்கெட்டிலேயே எழுதி அனுப்பும் வசதி. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3046 இதை வரையறுத்தது. சர்க்யூட் ஐடியில் வி-லேனும் போர்ட்டும், ரிமோட் ஐடியில் ஸ்விட்சின் மேக்கும் போகும். கேள்வியை வேறு நெட்வொர்க்கில் இருக்கும் சர்வருக்குக் கடத்தும் ரிலே ஏஜென்ட் இதைச் சேர்க்கும்போது தன் முகவரியை ஜிஐ-அட்ரஸ் இடத்தில் எழுதும். ஆனால் லேயர் 2 ஸ்விட்ச் ரிலே அல்ல. அது ஆப்ஷன் 82ஐச் சேர்த்துவிட்டு ஜிஐ-அட்ரஸை 0.0.0.0 என்றே விட்டுவிடும். மேலே இருக்கும் சிஸ்கோ ரூட்டருக்கு இது முரண்: ரிலே தகவல் இருக்கிறது, ரிலேயின் முகவரி இல்லை. சத்தமில்லாமல் தள்ளிவிடும். ரூட்டர் தானே டிஎச்சிபி சர்வராக இருந்தாலும் சரி, வேறு சர்வருக்கு ரிலே செய்தாலும் சரி, இதுதான் நடக்கும்.

தள்ளுவது மேலே என்பதால் கீழுள்ள ஸ்விட்சில் ஒரு தடயமும் இருக்காது. உறுதி செய்ய ரூட்டரில் 'டீபக் ஐபி டிஎச்சிபி சர்வர் பாக்கெட்' கொடுங்கள். ரிலே தகவல் ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் ஜிஐ-அட்ரஸ் பூஜ்யம் என்ற பொருளில் ஒரு வரி வந்தால் பிடித்துவிட்டீர்கள். பார்த்ததும் 'அன்டீபக் ஆல்' கொடுக்க மறக்காதீர்கள்.

தீர்வு இரண்டு பக்கத்திலும் உண்டு. ஆப்ஷன் 82ஐ உங்கள் சர்வர் எதற்குமே பயன்படுத்தவில்லை என்றால், கீழ் ஸ்விட்சில் 'நோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்'. பெரும்பாலான அலுவலகங்களுக்கு இதுவே போதும், இதையே பரிந்துரைப்போம். போர்ட் வாரியாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு இருந்து ஆப்ஷன் 82 தேவை என்றால், ரூட்டரின் அந்த இன்டர்ஃபேஸில் 'ஐபி டிஎச்சிபி ரிலே இன்ஃபர்மேஷன் டிரஸ்டட்', அல்லது மொத்தத்துக்கும் 'ஐபி டிஎச்சிபி ரிலே இன்ஃபர்மேஷன் டிரஸ்ட்-ஆல்'. கீழே இருபது ஸ்விட்ச் இருந்தாலும் மாற்றம் ஒரே பெட்டியில் முடிந்துவிடும் என்பது இதன் வசதி. ஆனால் நாளை சேரும் இருபத்தொன்றாவது ஸ்விட்ச் வேறொரு ரூட்டருக்குக் கீழே வந்தால் அங்கும் இதைச் செய்ய வேண்டும்.

இதன் இன்னொரு முகம்: நடுவில் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் ஸ்விட்சிலும் ஸ்னூப்பிங் ஓடுகிறது, கீழ் ஸ்விட்ச் வந்து சேரும் அதன் போர்ட்டுக்கு டிரஸ்ட் இல்லை. இப்போது தள்ளுவது டிஸ்ட்ரிபியூஷன் ஸ்விட்ச். அதன் லாகில் பூஜ்யமில்லாத ஜிஐ-அட்ரஸ் அல்லது ஆப்ஷன் 82 டிரஸ்ட் இல்லாத போர்ட்டில் வந்தது என்ற செய்தி நிறைந்திருக்கும். அங்கே 'ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன் அலவ்-அன்டிரஸ்டட்' கொடுக்கலாம். அல்லது கீழ் ஸ்விட்ச் ஒழுங்காக ஸ்னூப்பிங் செய்கிறது என்று தெரிந்தால் அந்த இணைப்புக்கு டிரஸ்ட் கொடுக்கலாம். கீழே ஸ்னூப்பிங் இல்லாத ஒரு ஸ்விட்ச் ஒளிந்திருந்தால், டிரஸ்ட் கொடுத்த அந்த நிமிடமே போலி சர்வருக்கும் கதவைத் திறந்ததாகும்.

அறிகுறி: முகவரி வருகிறது, ஆனால் பைண்டிங் அட்டவணை காலி

'ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் பைண்டிங்' கட்டளை மேக், ஐபி, மிச்சமுள்ள லீஸ் (முகவரியை வைத்திருக்கலாம் என்ற காலம்) நொடிகள், வகை, வி-லேன், இன்டர்ஃபேஸ் ஆகியவற்றைக் காட்டும். காலியாக இருந்தால் முதலில் ஆப்பரேஷனல் பட்டியலைப் பாருங்கள். பொதுவான 'ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங்' கட்டளை மட்டும் கொடுத்து 'ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் வி-லேன் 10,20' கொடுக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டும் வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை, ஆனால் 'எனேபிள்ட்' என்று மட்டும் திரையில் மின்னும்.

வி-லேன் சரியாக இருந்தும் காலி என்றால், ஸ்னூப்பிங்கை இப்போதுதான் இயக்கியிருப்பீர்கள். முன்பே முகவரி வாங்கிய கணினிகளை ஸ்விட்ச் பார்த்ததில்லை. லீஸ் காலத்தின் பாதியில்தான் கணினி புதுப்பிக்கும். விண்டோஸ் சர்வரின் வழக்கமான 8 நாள் லீஸ் என்றால், அட்டவணை நிறைய நான்கு நாள்வரை ஆகலாம். இந்த அட்டவணையோடு ஒப்பிட்டு, ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்டறியும் ஏஆர்பி செய்திகளைச் சோதிக்கும் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷனையோ, ஐபி போக்குவரத்தைச் சோதிக்கும் ஐபி சோர்ஸ் கார்டையோ அட்டவணை நிறையும்வரை இயக்க வேண்டாம்.

டிரஸ்ட் கொடுத்த போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கணினிகள் இந்த அட்டவணையில் வரவே வராது. கையால் முகவரி போட்ட பிரிண்டரும் வராது. அவை பிழையல்ல.

அறிகுறி: போர்ட் எர்-டிசேபிள் ஆகி அணைகிறது

பிழை கண்டு ஸ்விட்சே போர்ட்டை அணைப்பதுதான் எர்-டிசேபிள். 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்ட்' காரணத்தைக் காட்டும். 'டிஎச்சிபி-ரேட்-லிமிட்' என்று இருந்தால்தான் இந்தப் பகுதி. 'ஏஆர்பி-இன்ஸ்பெக்ஷன்' என்று இருந்தால் அது வேறு வசதி. டிரஸ்ட் இல்லாத போர்ட்டுக்கு நொடிக்கு 15 ஏஆர்பி என்பது அதன் தானியங்கி வரம்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வரம்பை உயர்த்துகிறவர்கள் உண்டு. ஸ்னூப்பிங்குக்குத் தானியங்கி வரம்பு கிடையாது. போர்ட் அணைந்தது என்றால் யாரோ 'ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் லிமிட் ரேட்' எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கணினி மட்டும் உள்ள போர்ட்டுக்கு நொடிக்கு 10 அல்லது 15 தாராளம். ஆனால் அதே எண்ணை வைஃபை ஆக்சஸ் பாயின்ட் போர்ட்டிலும் ஒட்டிவிட்டால் சிக்கல். பயனர் போக்குவரத்தை ஆக்சஸ் பாயின்ட் நேரே ஸ்விட்சில் இறக்கும் அமைப்பில், மின்சாரம் போய் வந்ததும் 60 கருவிகள் ஒரே நேரத்தில் கேட்கும். ஒவ்வொன்றும் டிஸ்கவர், ரிக்வெஸ்ட் என்று குறைந்தது இரண்டு அனுப்பினால் 120 பாக்கெட். அது மூன்று நொடியில் வந்தாலும் நொடிக்கு 40. 15 என்ற வரம்பு உடனே உடையும், போர்ட் அணையும், கூடவே வைஃபை முழுவதும் போகும். இப்படிப்பட்ட போர்ட்டுக்குக் கூட்டிப் பார்த்து வரம்பு வையுங்கள். டிரஸ்ட் இல்லாத போர்ட்டுக்கு 100ஐத் தாண்ட வேண்டாம் என்பது சிஸ்கோவின் பரிந்துரை. அப்லிங்குக்கு வரம்பே வைக்காதீர்கள்; ஸ்விட்ச் முழுமைக்குமான பதில்கள் அந்த ஒரு வழியாகத்தான் வருகின்றன.

மீட்க இன்டர்ஃபேஸில் 'ஷட்டவுன்', 'நோ ஷட்டவுன்'. தானாக மீள 'எர்டிசேபிள் ரெக்கவரி காஸ் டிஎச்சிபி-ரேட்-லிமிட்'. காத்திருக்கும் நேரம் மாற்றாவிட்டால் 300 நொடி.

அறிகுறி: ஸ்விட்ச் ரீலோடு ஆன பிறகு முகவரி இருக்கிறது, நெட்வொர்க் இல்லை

பைண்டிங் அட்டவணை நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. ரீலோடு ஆனால் அழியும். ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் இயங்கினால், அட்டவணையில் இல்லாதவரின் ஏஆர்பி தள்ளப்படும். 'ஷோ ஐபி ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வி-லேன் 10' கொடுத்தால் டிஎச்சிபி டிராப்ஸ் பத்தி ஏறிக்கொண்டே போகும். ஐபி சோர்ஸ் கார்டு என்றால் 'ஷோ ஐபி வெரிஃபை சோர்ஸ்' அந்த போர்ட்டில் 'டினை-ஆல்' காட்டும்.

நேரே இணைந்த கணினிகள் இதில் அவ்வளவாக அடிபடாது. இணைப்பு அறுந்து சேர்ந்ததை உணர்ந்து அவை தாமே மீண்டும் கேட்கும், பைண்டிங் உருவாகும். மேசைமேல் ஒரு சிறிய ஐந்து போர்ட் ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கும் கணினிகள்தான் மாட்டும்; அந்தச் சிறிய பெட்டி இடையில் நிற்பதால் மேலே இணைப்பு போனது அவற்றுக்குத் தெரியாது. 'சில மேசைகளில் மட்டும் இல்லை' என்று புகார் வந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

அவசரத்துக்கு அந்தக் கணினியில் ரின்யூ போதும். நிரந்தரத்துக்கு அட்டவணையைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும்: 'ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்' என்று எழுதி ஃபிளாஷ் (ஸ்விட்சின் சொந்தச் சேமிப்பு) அல்லது டிஎஃப்டிபி (வெளிக் கோப்பு சர்வர்) முகவரி கொடுங்கள். வெளி சர்வரில் வைத்தால் அந்தப் பெயரில் ஒரு காலிக் கோப்பை முதலில் உருவாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் எழுதுவது தோற்கலாம். மாற்றம் நடந்து 300 நொடி கழித்துத்தான் கோப்பில் எழுதும், ஆகவே எழுதிய உடனே ரீலோடு செய்து சோதிக்காதீர்கள்.

'ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ் டீட்டெயில்' எத்தனை முறை எழுதியது, எத்தனை தோற்றது, படித்தபோது எத்தனை வரிகளை ஒதுக்கியது என்று காட்டும். இன்வேலிட் இன்டர்ஃபேஸஸ் எண் பெரிதாக இருந்தால் ஸ்டாக்கில் (ஒன்றாகக் கட்டிய ஸ்விட்ச்களில்) ஸ்விட்ச் எண் மாறியிருக்கும். எக்ஸ்பயர்ட் லீஸஸ் எண் பெரிதாக இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். காலாவதி நேரம் கோப்பில் நாள், மணியாகவே பதிவாகிறது. கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரிசெய்யும் என்டிபி இல்லாமல் ஸ்விட்ச் தவறான தேதியோடு எழுந்தால் நல்ல பைண்டிங்கும் செத்ததாகிவிடும். என்டிபி ஓடவில்லை என்று லாகில் வரும் எச்சரிக்கையை அலட்சியம் செய்ய வேண்டாம்.

அறிகுறி: ஒரே ஒரு கருவிக்கு மட்டும் வரவில்லை

சிஎச்-அட்ரஸ் பொருந்தாத எண் ஏறினால், ஈதர்நெட் ஃபிரேமில் (செய்தியைச் சுமக்கும் வெளி உறையில்) இருக்கும் மேக்கும் டிஎச்சிபி செய்திக்குள் இருக்கும் மேக்கும் வேறு. வயர்லெஸ் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கருவிகளில் இது இயல்பாகவே நடக்கும்; முகவரிக் குளத்தைக் காலி செய்யும் தாக்குதலிலும் இதுவே தெரியும். எது என்று போர்ட்டில் என்ன இணைந்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். 'நோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் வெரிஃபை மேக்-அட்ரஸ்' இந்தச் சோதனையை ஸ்விட்ச் முழுக்கவே அணைத்துவிடும் என்பதால் ஒரு பிரிட்ஜுக்காக அதைச் செய்வது அதிகம்.

பைண்டிங் பொருந்தாத எண் ஏறினால், கருவி வேறு போர்ட்டுக்கு மாறிய பிறகு பழைய முகவரிக்கு ரிலீஸ் அனுப்பியிருக்கும். பொதுவாக விட்டுவிடலாம்.

அறிகுறி: சிலருக்கு 192.168.1 அல்லது 192.168.137 முகவரி

போலி சர்வர். முதலாவது பெரும்பாலும் யாரோ லேன் போர்ட்டில் மாட்டிய வீட்டு ரூட்டர். இரண்டாவது விண்டோஸின் இணையப் பகிர்வு. ஸ்னூப்பிங் ஓடும் வி-லேனில் இது வருகிறது என்றால், போலி சர்வர் டிரஸ்ட் கொடுத்த போர்ட் வழியாக, அதாவது பெரும்பாலும் ஸ்னூப்பிங் இல்லாத வேறொரு ஸ்விட்சிலிருந்து வருகிறது. பாதிக்கப்பட்ட கணினியில் 'ஐபிகான்ஃபிக் ஆல்' காட்டும் டிஎச்சிபி சர்வர் முகவரியை 'ஏஆர்பி' கட்டளையில் தேடி மேக்கை எடுங்கள். ஸ்விட்சில் 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ்' என்று எழுதி அந்த மேக்கைக் கொடுத்தால் போர்ட் தெரியும். அது அப்லிங்க் என்றால் மேல் ஸ்விட்சில் இதையே திரும்பச் செய்யுங்கள், பயனர் போர்ட் வரும்வரை.

வேறு நிறுவன ஸ்விட்ச் என்றால்

அருபா சிஎக்ஸ் ஸ்விட்சில் 'ஷோ டிஎச்சிபிவி4-ஸ்னூப்பிங்', பழைய புரோகர்வ் வகையில் 'ஷோ டிஎச்சிபி-ஸ்னூப்பிங்'. புரோகர்வில் ஆதரைஸ்ட்-சர்வர் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு முகவரி எழுதிவிட்டால் பட்டியலில் இல்லாத சர்வரின் பதில் டிரஸ்ட் போர்ட்டில் வந்தாலும் தள்ளப்படும். சர்வரின் ஐபியை மாற்றிய மறுநாள் எல்லாம் நின்றால் அங்கே பாருங்கள். ஜூனிப்பர் இஎக்ஸ் ஸ்விட்சில் 'ஷோ டிஎச்சிபி-செக்யூரிட்டி பைண்டிங்'. அங்கே பல வி-லேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டுகளுக்குத் தானாகவே டிரஸ்ட் உண்டு, கணினிகளை மாட்டும் ஆக்சஸ் போர்ட்டுகளுக்கு இல்லை. சர்வரை நேரே ஆக்சஸ் போர்ட்டில் மாட்டியிருந்தால் அதற்கு மட்டும் கையால் டிரஸ்ட் கொடுக்க வேண்டும்.